கோப்பை கழுவிய ஒற்றன்

மற்றதெல்லாம் சரி, இந்த ஒன்றைத்தான் தன்னால் நம்ப முடியவில்லை என்றார் அகதி விசாரணை அதிகாரி.

மொழிபெயர்ப்பாளர் ஷாமிலா அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை சீமோன் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போர்க்காலத்தில் இராணுவத்தினர் அவனைப் பிடித்துப்போய், முகாம் குசினியில் சமையல் பாத்திரம், கோப்பை கழுவப் போட்டிருந்தார்கள். சம்பளம் இல்லை. வாசலைத் தாண்ட விடவில்லை. கூப்பிட அவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. கை தட்டினால் போக வேண்டும்.

கோப்பை கழுவக் கழுவச் சிங்களம் காதில் ஏறியது.

எந்த ஊரைச் சுற்றிவளைக்கப் போகிறார்கள் என்பதைக் கேட்டுவைத்து, பன்றிகளுக்கு மிச்சச் சோறு எடுக்க வருகிறவரிடம் சொல்லிவிடுவான். சிப்பாய்கள் போய்ச் சேரும்போது அந்த ஊரில் கோழிகள் மட்டும் நிற்கும்.

கடைசியில் சந்தேகம் அவன்மேல் விழுந்தது. அந்தப் பன்றிக்காரர்போலச் சோற்று வாளியோடு வெளியே போனவன் திரும்பவில்லை. இன்னும் தேடுகிறார்கள்.

அதிகாரியின் கேள்வி இதுதான்: பிடித்துவைத்திருக்கும் ஒருவனுக்கு முன்னால் எந்தத் தளபதியாவது திட்டம் பேசுவானா?

நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி வழக்கறிஞர் டெனிஸ்டன் காலையிலிருந்தே கெஞ்சிக்கொண்டிருந்தார்.

டெனிஸ்டன் தொண்டையைச் செருமினார்.

சீமோன் மிகப் பணிவாகச் சொன்னான்.

"மேடம், இப்ப பிரேக்கிலை நான் உங்கடை மேசையிலை கிடந்த கோப்பிக் கப்புகளை எடுத்துக் குப்பையிலை போட்டனான். நீங்கள் பக்கத்திலை நிண்டு போனிலை உங்கடை தங்கச்சியோடை பிரெஞ்சிலை கதைச்சுக்கொண்டிருந்தீங்கள். சனிக்கிழமை உங்களுக்குக் காய்ச்சல் எண்டு அம்மாட்டைச் சொல்லச் சொன்னீங்கள். காய்ச்சல் இல்லை. ஒருத்தரோடை நயாகராவுக்குப் போறீங்கள். இஞ்சை வர முதல், பிரெஞ்சு கதைக்கிற மொன்றியலிலையும் நான் கோப்பைதான் கழுவினனான்."

ஷாமிலா காய்ச்சல் வரைக்கும் தடையில்லாமல் மொழிபெயர்த்தாள். நயாகராவில் குரல் தேய்ந்தது.

டெனிஸ்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. அதிகாரியின் காதுகளும் ஏறக்குறைய அந்த நிறத்துக்கு வந்திருந்தன.

இடைவேளையில் தன் அருகே யாராவது நின்றார்களா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. ஒரு கை வந்து கப்புகளை எடுத்தது மட்டும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அந்த ஒருவருடைய பெயரும் காதில் விழுந்ததா என்று, இம்முறை நேரடியாகப் பிரெஞ்சிலேயே கேட்டார்.

சீமோன் தமிழை விட்டு இறங்கவில்லை.

"விழுந்தது, மேடம். ஆனா வழக்குக்கு அது தேவையில்லைத்தானே."

அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டார். தலையைக் குனிந்து எதையோ எழுதினார். எழுதும்போது தோள்கள் ஒருமுறை குலுங்கின.

பிறகு நிமிர்ந்து, முடிவை இப்போதே சொல்லிவிடுவதாக ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். கோரிக்கையை ஏற்றுக்கொள்வதாகவும், அவன் இந்த நாட்டிலேயே இருக்கலாம் என்றும் சொன்னார்.

ஷாமிலா அவன் பக்கம் திரும்பி, அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் சீமோன் சிரித்துவிட்டான்.