றெஜினாவின் இடது கை

குருநகரில் பின்னேர வெயில் விறாந்தைக்குள் வந்து கிடக்கிறது. நோர்வேயில் இருபத்திரண்டு வருடம் பெரிய இசைக்குழுவொன்றில் செலோ என்ற பெருவயலின் வாசித்த றெஜினா, நேற்று வந்திறங்கிய அலுப்போடு பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கிறாள். அவளுடைய செலோப் பெட்டி ஓர் ஆள் உயரத்துக்குச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கொண்டுவராவிட்டால் ஏனென்று சொல்லவேண்டிவரும் என்றுதான் அதைக் கொண்டுவந்தாள். தம்பி அமலதாஸ் நிலத்தில் குந்தியிருந்து வலையின் கிழிசல்களை முடிந்துகொண்டே கதைக்கிறான். "சனிக்கிழமை கலியாணத்துக்கு மகள் கோயிலுக்குள்ளை வரேக்கை நீங்கள்தான் வாசிக்கவேணும் அக்கா. சுவாமியாரிட்டையும் சொல்லிப்போட்டன்." "ஓம், பாப்பம்" என்கிறாள். வேலிக்கு அப்பால் வள்ளமொன்றின் இயந்திரம் இருமி இருமி அடங்குகிறது. அவன் தன் பிளேன்ரீக் கிளாஸை ஆறட்டும் என்று நிலத்தில் வைத்திருக்கிறான். அவள் தன்னுடையதை இடது கையால் இறுகப் பிடித்திருக்கிறாள். கிளாஸிலிருந்து ஆவி எழுகிறது. விரல்கள் சிவந்துபோயிருப்பதை அவன் காண்கிறான். "அக்கா, சுடேல்லையோ?" "இல்லை. மாசியிலையிருந்து அந்தக் கையிலை ஒண்டும் தெரியேல்லை. நரம்பு செத்துப்போச்சாம், இனித் திரும்பாதாம். வேலையையும் விட்டிட்டன்." பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்வதுபோல்தான் சொல்கிறாள். அழுகை வருமென்று பார்க்கிறாள், வரவில்லை. அமலதாஸ் கிளாஸை வாங்கி வைத்துவிட்டு, கம்பி அழுத்தித் தடித்த அவளுடைய விரல் நுனிகளை ஒவ்வொன்றாக நசித்துப் பார்க்கிறான். "இது?" "இல்லை." "இது?" "இல்லை." சின்ன விரலுக்கு வந்தபோது அவன் கேட்கவில்லை. கையை விடவுமில்லை. அவன் இன்னும் பிடித்திருக்கிறான் என்பது, குனிந்து பார்த்தால்தான் அவளுக்குத் தெரிகிறது.