பரீதின் ஷெட்

பறவைக்காய்ச்சல் வந்தபோது பக்கத்து ஊர்ப் பண்ணைப் பரீதின் கோழிகளை ஒன்றுவிடாமல் கொன்று, குழிவெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். என் கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்காக வருத்தப்பட்டேன். இனி எடையில் அவன் என்னை முந்த மாட்டான் என்றும் நினைத்தேன்.

இருவரும் ஒரே கம்பெனிக்குத்தான் கோழி வளர்த்துக் கொடுக்கிறோம். ஷெட்டுக்குள் தொங்கும் தராசில் கோழி ஏறினால் எடை போனில் வந்துவிடும். அவன் ஷெட்டின் கணக்கும் என் போனில் தெரியும். பூட்டிக் கிடந்த அவன் ஷெட்டிலிருந்து மறுபடி எடை வர ஆரம்பித்தது. தினமும் கூடியது. என் கோழிகளைத் தாண்டியது.

"யாரோ உள்ள பூந்து நம்பர மாத்தறாங்க" என்று கம்பெனிக்காரர் பாஸ்வேர்டை மாற்றினார். மறுநாளும் கூடியது.

"ஏனுங்க, செத்துப்போன கோழிகூடவா போட்டி போடுவீங்க?" என்றாள் என் மனைவி ரஜீனா.

அடுத்தவன் ஷெட்டுக்குள் நாங்கள் யாரும் கால் வைப்பதில்லை. நோய் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். ஆனாலும் போய்ச் சாவி கேட்டேன்.

"நானே அந்தப் பக்கம் போறதில்லீங்க" என்று சாவியை நீட்டினான் பரீது.

வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே போனேன். கோழி இல்லை. தீவனம் இல்லை. தராசு மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து தராசுவரை தரையில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கால்தடங்கள், கோழியின் கால்தடங்கள்.

குனிந்து ஒன்றை விரலால் அளந்து பார்த்தேன். வயிறு எரிந்தது. என் கோழி எதற்கும் இவ்வளவு பெரிய கால் இல்லை.