காதைப் பிடித்துவைத்த ஆழ்துளை

ஓர் ஆழ்துளைக்குள், அதிர்வைக் கேட்கும் கருவி ஒன்றைக் கேபிளில் கட்டி இறக்கினார்கள். அதற்குக் காது என்றே பெயர். தொலைவில் ஒரு லாரி நின்று, தன் அடியிலுள்ள இரும்புத் தகட்டால் தரையை இடிக்கும். அந்த அதிர்வு பாறைகளில் பட்டுத் திரும்புவதைக் காது கேட்டுக்கொண்டிருக்கும். ஆழ்துளைக்கு அது பொறுக்கவில்லை.

“சாஞ்சிருக்கிறது என் சுவத்துல. கேக்கிறது மட்டும் அந்தத் தடியன் பேச்சையா?”

“உன்னைச் சுத்தி என்ன பாறை இருக்குன்னு அவன் தள்ளி நின்னு தட்டினாத்தானே தெரியுது.”

“என்னைக் கேளேன், சொல்றேன்.”

“நீ நேரே கீழே இறங்கினவன். பக்கத்துல இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?”

பூமிக்குள் போகப் போகச் சூடு அதிகம் என்பது அறிந்ததே. இந்தப் பதில் அதைவிடச் சுட்டது. ஆழ்துளை தன் சுவரையே சரித்துக் காதை இறுக்கிக்கொண்டது.

மேலே இருந்தவர்கள் இழுத்துப் பார்த்தார்கள், கேபிள் அறுந்தது. ஆழ்துளையின் வாயில் சிமெண்டை ஊற்றி அடைத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் புதிதாக ஒன்றைத் துளைத்து, அதற்குள் வேறொரு காதை இறக்கினார்கள்.

“இனிமே நீயும் நானும்தான்” என்றது ஆழ்துளை, வாய் நிறையச் சிமெண்டோடு.

அப்போது தொலைவில் தரை அதிர்ந்தது.

“கொஞ்சம் பேசாம இரு” என்றது காது. “அவன் தட்டுறான்.”