கால் அப்பாவுக்கு

எடின்பரோவில் படிக்கும் கனிஷ்காவைப் பார்க்க, தாராபுரத்து வீட்டில் இருந்தபடியே மூன்று பேர் ஒரே வாடகை இயந்திர உடம்பை இயக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆளுக்கொன்று எடுக்கக் கட்டுப்படியாகவில்லை என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். கால் அப்பாவுக்கு, கை அம்மாவுக்கு, வாய் ருக்மணி அத்தைக்கு.

கதவைத் திறந்ததுமே வாய், "என்ன கண்ணு, இப்படி எளச்சுட்டே?" என்றது. கை அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தது. இயந்திர விரல்கள் சடசடத்தன. அடுத்து, குவிந்து கிடந்த பாத்திரங்களைப் பார்த்துக் கை நீண்டது. காலோ வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தது. ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே வீட்டையே கிளப்பிவிடுகிற மனுஷர் அப்பா.

"ஏனுங்கண்ணா, செத்த நில்லுங்க. அண்ணி பாத்திரம் கழுவோணுமாம்," என்று வாய் அதட்டியது.

ஒருவழியாகப் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் வாடகை உடம்பைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. வாசலில் கை கனிஷ்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"விடும்மா, நேரமாயிருச்சு," என்றாள் கனிஷ்கா.

கை மெல்ல விட்டது. ஆனாலும் உடம்பு நகரவில்லை.

வாய் தொண்டையைச் செருமிக்கொண்டது. "உங்கம்மா விட்டுட்டா கண்ணு. உங்கப்பாதான் காலை எடுக்க மாட்டேங்கறாரு."