வெல்டரின் மூட்டை

“நாற்பத்தாறு நிமிஷம் ஆச்சு மேடம்! இன்னும் ஆளைக் காணோம் பாருங்க” என்றார் பால் சங்கச் செயலாளர், கடிகாரம் கட்டிய கையைத் தூக்கிக் காட்டி.

ஒத்திகையை நடத்த வந்த பேரிடர் அதிகாரிக்கும் எரிச்சல்தான். அதை வெளியே காட்ட அவளுக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவே.

மேலே இருக்கும் அணையைத் திறந்தால் ஒரு மணி நேரத்தில் வெள்ளம் ஊருக்குள் வந்துவிடும். அதனால் சங்கு ஊதி முக்கால் மணி நேரத்துக்குள் ஊர் மொத்தமும் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறியாக வேண்டும். ஏறிக் காட்டினால் ஊருக்கு ஒரு மோட்டார் படகு. முதல் இரண்டு ஒத்திகையும் ஊத்திக்கொண்டன. இது மூன்றாவது, இதுதான் கடைசி.

மூன்று தடவையும் கெடுத்தது ஒரே ஆள். வெல்டர்.

செயலாளரைக் குறை சொல்ல முடியாது. சங்கு ஊதிய பதினோராவது நிமிஷம் மனைவி மக்களோடு மேட்டில் நின்றார். டார்ச், மருந்துச் சீட்டு, பிளாஸ்டிக் உறையில் பத்திரம், மூன்று நாளைக்குத் தண்ணீர் என்று அவர் பை கச்சிதமாக இருந்தது. அதிகாரியே அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி மெச்சினாள்.

“ஆளுக்கு ஒரு பைதான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. இவன் என்னடான்னா தள்ளுவண்டில மூட்டை ஏத்திக்கிட்டு வர்றான்” என்றார் செயலாளர். “அவன் ஒருத்தனால ஊருக்கே படகு போச்சு.”

“மூட்டைல என்னதான் இருக்கு?” என்று வெல்டரின் மனைவியைக் கேட்டாள் அதிகாரி. அவள் முதல் ஆளாக மகளோடு வந்து ஓரமாக நின்றிருந்தாள்.

“அவரையே கேட்டுக்குங்க மேடம்” என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

“வீட்டுக்காரிகிட்டயே சொல்லாத சொத்து போலிருக்கு!” என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது.

நாற்பத்தொன்பதாவது நிமிஷம் வண்டி மேட்டில் ஏறியது. வெல்டருக்கு நாக்கு தள்ளியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வண்டியில் தார்ப்பாய் சுற்றிய நீளமான மூட்டை, மூன்று இடத்தில் பெல்ட் போட்டு இறுக்கியிருந்தது.

“ஏங்க, உசுரு முக்கியமா, மூட்டை முக்கியமா?” என்று கேட்டாள் அதிகாரி.

வெல்டர் மூச்சு வாங்கினார். “எத்தனை நிமிஷங்க?”

“நாற்பத்தொன்பது. நீங்க கேக்கற கேள்வியா இது? நாலு நிமிஷத்துல படகு போச்சு.”

“நாப்பத்தொம்பதா?” வெல்டரின் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது.

“மூட்டையைப் பிரிங்க.”

“வேணாங்க மேடம்.”

“பிரிங்கன்னேன்.”

அவர் நகரவில்லை. அவளே பெல்ட்டைக் கழற்றித் தார்ப்பாயை விலக்கினாள். உள்ளே ஒரு பலகை. பலகை மேல் வரிசையாகச் சாக்குகள். ஒன்றின் வாயை அவிழ்த்தாள்.

மணல்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. “மணலுக்கு மூணு பெல்ட்டாம்பா!”

“விளையாடறீங்களா?” என்றாள் அதிகாரி.

“இல்லீங்க. அறுபத்திரண்டு கிலோ.” வெல்டர் குரலைத் தாழ்த்தினார். “எங்க பக்கத்து வீட்டுத் தபால்காரரோட எடைங்க. ஊசி போட வர்ற நர்ஸம்மாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது.

அதிகாரி கையிலிருந்த பட்டியலைப் புரட்டினாள். தபால்காரர் என்று யாரும் அதில் இல்லை. பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடப்பவரை ஒத்திகையில் சேர்த்தால் நேரம் இழுக்கும் என்று பெயரை எடுத்துவிட்டவளே அவள்தான். அது இப்போது ஞாபகம் வந்தது.

“அவங்க வீட்டம்மா ஒத்தை ஆளாத் தூக்க முடியாதுங்க” என்றார் வெல்டர். “முதல் தடவை பாலத்து ஏத்தத்துல வண்டி பின்னால உருண்டுடுச்சு. எழுபது நிமிஷம் ஆச்சு. சக்கரத்தை மாத்தினேன், ஐம்பத்தெட்டுக்கு வந்துச்சு. இப்ப நாப்பத்தொம்பது. இன்னும் ஒரே ஒரு தடவை சங்கு ஊதினீங்கன்னா மிச்ச நாலையும் குறைச்சிடுவேன்.”

செயலாளருக்குத் தாங்கவில்லை.

“ஏம்பா, எங்கண்ணன்கூட உனக்கு ஏழு வருஷமாப் பேச்சுவார்த்தையே கிடையாதே! காம்பவுண்டுச் சுவர் தகராறுல எங்கண்ணன் உன் மேல கை நீட்டினவராச்சே!”

எங்கண்ணன் என்ற வார்த்தையைக் கேட்டதும் அதிகாரி செயலாளரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு நிமிஷத்தில் மேடு ஏறியவர் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்.

வெல்டர் குனிந்து சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“பேச்சு இல்லதாங்க. அதனாலதான் வண்டில படுங்கன்னு சொல்ல முடியாம மணலை ஏத்திக்கிட்டு அலையறேன்” என்றார். “வெள்ளம் வர்ற அன்னிக்கு அவரைக் கேட்டுக்கிட்டா தூக்கப்போறேன்?”