அடைக்கலம் போட்ட வரிசை

அறந்தாங்கி வீட்டுக் கூடத்தில் பெட்டி கட்டியாகிவிட்டது. கார் வர வேண்டியதுதான் பாக்கி. சன்னல் கம்பி வழியே விழும் மாலை வெயிலில் செல்வராணி பின்னிய நீல ஒயர்கூடை பளபளக்கிறது. லீவு முடிந்து குவைத்துக்குக் கிளம்பும் அவள் கணவன் அடைக்கலம் அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். போன வாரம் அவள் சிநேகிதிகளுக்கு நடுவே உட்கார்ந்து, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிக்க, கடைசி வரிசையை அவன்தான் போட்டான். "நான் போட்டது எங்கிட்டு இருக்கு?" செல்வராணிக்குத் திக்கென்கிறது. கோணலாக இருக்கிறதே என்று நேற்றுதான் அதைப் பிரித்துவிட்டுப் புது ஒயரில் நேராகப் போட்டாள். "இந்தா, மேல இருக்குல்ல, அதுதாங்க." "நானா இம்புட்டு நேராப் போட்டேன்?" பக்கத்து வீட்டு வனிதா சிரிக்கிறாள். "பேசாம வேலைய விட்டுட்டுக் கூடை பின்ன வந்துருங்கண்ணே." அவன் முகமெல்லாம் சிரிப்பாக, அந்த ஒரு வரிசையை மட்டும் செல்போனில் படம் பிடிக்கிறான். "ரூம்ல பயலுகளுக்குக் காட்டணும்." வாசலில் ஹாரன் அடிக்கிறது. கட்டிலுக்கு அடியில், அவன் விரல் மடித்த நெளிவுகள் இன்னும் நிமிராத ஒயர் சுருண்டு கிடக்கிறது. செல்வராணி அதைக் காலால் உள்ளே தள்ளுகிறாள். அது சுருள் விரிந்து மறுபடியும் வெளியே வருகிறது.