விட்டுப்போன செமிகோலன்

கோகிலவாணியின் மேஜையில் இருந்த அலாரம் திடீரென்று அலறியது. அன்று அவள் நாற்பதாவது முறையாக உதவிப் பொத்தானை அழுத்தியிருந்தாள். மேலாளர் பிரதாபன் ஓடி வந்தார்.

"என்னங்கம்மா இது? இருபது வருஷமா டேட்டாபேஸ் வேல பாக்கறீங்க. இன்னும் உதவி கேட்டா, இவங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னு மேலிடம் வீட்டுக்கு அனுப்பிரும்!"

அவள் கணினிக்கு இட்ட கட்டளையின் முடிவில் வைக்க வேண்டிய செமிகோலனை விட்டிருந்தாள். முந்தைய முப்பத்தொன்பது முறையும் அதே பிழைதான்.

ஸ்பீக்கரில் உதவிக் குரல் பேசியது.

"அம்மணி, செமிகோலன் எங்க? காக்கா தூக்கிட்டுப் போயிருச்சா? செரி, மொதல்ல இருந்து சொல்றேன், கேளு..."

அந்த அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், இறந்தவர்கள் எல்லோருடைய பேச்சையும் கணினிக்கு ஊட்டித்தான் உதவிக் குரல்களைத் தயாரித்திருந்தார்கள். யாருடைய குரல் வேண்டும் என்பதை அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பிரதாபன் குனிந்து உதவி அமைப்பைத் திறந்தார். பயனர் நிலை என்ற இடத்தில் 'புதியவர்' என்றிருந்ததை 'நிபுணர்' என்று மாற்றினார்.

பேசிக்கொண்டிருந்த குரல் பாதியில் நின்றது. பிறகு, "செமிகோலன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடங்கிப்போனது.

"அவ்வளவுதான். இனி அலாரம் அடிக்காது. உங்க வேலையும் தப்பிச்சுது" என்றார் பிரதாபன்.

கோகிலவாணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பழையபடி 'புதியவர்'னே வெச்சிருங்க சார். நிபுணர்னு வெச்சா, எங்க வீட்டுக்காரர் ஒரே வார்த்தையோட நிறுத்திக்கறாரு."